பசியறியாக் குதிரை

ஆசிரியத் தொழில் புரிவோர் தம் மாணவரிடம் பாடம் கேட்டதாக எழுதினால், அதனைப் பணிவின் பொருட்டுச் சொல்லும் உபசார வார்த்தை என்றே வாசகர் கொள்வர். நாம் இங்கே எழுதப்போவது உபசாரம் அன்று. குதிரை ஏறுவது எப்படி என்பதைத் தரம் 9இற் கல்வி கற்ற மாணவன் ஒருவனிடம் நாம் முறையாகவே கற்றோம். கற்ற இடம் எமது ஊர்ச் சனசமூக நிலையம். கற்ற காலம் 2022ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள். குதிரை மட்டும் உயிருள்ள குதிரை அன்று. கணினித் திரையிலே சதுரஞ் சதுரமாகத் தோன்றும் பொம்மைக் குதிரை.

கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு இத்தகைய இதழிலே இடம் ஏது என்று நண்பர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். பிள்ளைகளைக் கெடுக்கும் முதலாளித்துவப் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிட நாமும் ஒரு காலத்தில் விரும்பியவரே. ஆயினும், நம் பிள்ளைகள் எதனை நோக்கிக் கண்விழித்திருக்கின்றனரோ அதனை அறியாமலே அவர்களுக்கு அறிவு புகட்டப் புகுவது ஆசிரியனுக்கு அழகாகாது. அறிந்த பின் கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்போம். அறிந்தபோது எமக்கு நேர்ந்ததோ வேறு: கண்டிக்கப்பட்டவர் நாமே.

மைன்கிராப்ட் என்பது அவ்விளையாட்டின் பெயர். சுவீடன் நாட்டவரான மார்க்கஸ் பேர்சன் என்பவர் தொடக்கிய இது 2011 நவம்பரில் முழு வடிவில் வெளிவந்தது. 2014இல் இதனை உருவாக்கிய கம்பனியை அமெரிக்க நிறுவனமாகிய மைக்ரோசொப்ட் 250 கோடி டொலருக்கு விலைக்கு வாங்கியது. 2023 அளவில் 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியிருந்தன. முன்னரே வகுத்த கதை எதனையும் இது விளையாடுவோன்மேற் சுமத்துவதில்லை. கடற்கரையிலே சிறுவர் மணலை அள்ளிக் கிணறு தோண்டி வீடு கட்டி, பின் அதனைத் தாமே அழித்து விளையாடுவது போல, இங்கும் மண்ணையும் மரத்தையும் கல்லையும் கட்டிகளாகப் பெயர்த்தெடுத்து விரும்பியதைக் கட்டலாம். மணற்பெட்டி விளையாட்டு என இவ்வகையை அழைப்பது இதனாலேதான்.

இவ்வுலகிற் குதிரைகள் புகுந்தது 2013 ஜூலையில். திறந்த புல்வெளிகளிலே சிறு சிறு மந்தைகளாக அவை நிற்கும். ஏழு நிறங்கள், ஐந்து வகை மேனியடையாளங்கள், ஆக 35 தோற்றங்கள். ஓடும் வேகமும் பாயும் உயரமும் உடல் வலிமையும் குதிரைக்குக் குதிரை வேறுபடும். ஆனால் நிறத்துக்கும் ஓட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மேனியைக் கண்டு தரத்தைத் துணிவோர் இவ்வுலகில் ஏமாந்துபோவர். இந்த ஒரு விதியின் பொருட்டேனும் இதனை ஆக்கியோரைப் பாராட்டலாம் என்று தோன்றுகிறது.

இனி, நாம் இதனைக் கற்க நேர்ந்த கதையைச் சொல்லவேண்டும். அது எமக்குப் பெருமை தருவதன்று.

2022ஆம் ஆண்டு இந்நாட்டு மக்களுக்கு எத்தகைய ஆண்டாயிருந்தது என்பதை மறந்தவர் எவருமிலர். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியதாக அரச புள்ளிவிபரங்களே கூறின. அந்தச் செப்ரெம்பரில் ஒரு நாள், முற்பகல் முதலாம் பாடவேளை. தன்வினை, பிறவினை பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, பழகு, பழக்கு எனக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, இறுதி வாங்கிலே ஒருவன் மேசைமீது தலை கவிழ்த்து உறங்கிக்கொண்டிருந்தான். அதற்கு முந்திய வாரத்திலும் அவன் உறங்கியதைக் கண்டிருந்தோம். எழுப்பினோம். எழுந்தவன் விழித்துக்கொண்டு நின்றான். கரும்பலகையில் எழுதியதை வாசிக்கச் சொன்னோம், வாசிக்கவில்லை. பிரம்பை எடுத்து அவனது இரு உள்ளங்கைகளிலும் இவ்விரண்டு அடி கொடுத்தோம்.

மாணவரை அடித்தலாகாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையாற் பணித்திருந்ததை நாம் அறியோமல்லோம். மாணவனை அறைந்த ஆசிரியர் ஒருவர் அவனது அடிப்படை உரிமையை மீறினார் என 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்ததையும் அறிவோம். வர்க்க ஒடுக்குமுறை பற்றிக் கூட்டங்களிற் பேசுபவருங்கூட. எனினும் அடித்தோம். அவன் அழவில்லை. எம்மை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். அதன் பின் பல வாரங்கள் எம்மைப் பார்க்கவேயில்லை. பாடசாலைக்கு வந்தான், இறுதி வாங்கில் இருந்தான், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் விடை தந்தான். உறங்கவுமில்லை. கட்டுப்பாடு நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று எம்முள் ஒருவர் மகிழ்ந்தார். மற்றொருவருக்கு அன்றிலிருந்து நிம்மதியில்லை.

எமது சனசமூக நிலையத்திலே, வெளிநாடு சென்ற ஊர் இளைஞர் ஒருவர் அனுப்பிய பழைய கணினிகள் இரண்டு உண்டு. விளையாட்டையும் அவரே விலை கொடுத்து வாங்கித் தந்திருந்தார். சனிக்கிழமைகளிற் பத்திரிகை படிக்க நாம் அங்கே செல்வது வழக்கம். ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, அவன் அங்கே திரைமுன் இருக்கக் கண்டோம். சுற்றிலும் நாலைந்து சிறுவர். அவனோ பெருவெளியொன்றிலே கபில நிறக் குதிரையின் மேல் விரைந்துகொண்டிருந்தான். வகுப்பிலே ஒற்றைச் சொல் பேசுபவன், இங்கே சிறுவருக்கு விளக்கம் கூறியவண்ணம் இருந்தான். அவனது குரலை அன்றுதான் முழுமையாகக் கேட்டோம். எம்மைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றான். சிறுவரும் மௌனமாயினர்.

இருந்து விளையாடுமாறு சொல்லிவிட்டுப் பத்திரிகையோடு ஒதுங்கினோம். பத்திரிகையில் மனம் செல்லவில்லை. மூன்றாம் சனிக்கிழமை அருகிற் சென்று, “எனக்கும் ஒருக்காச் சொல்லித் தருவியோடா தம்பி?” என்று கேட்டோம். அவன் எம்மை ஐயத்தோடு பார்த்தான். பிறகு நாற்காலியை விட்டெழுந்து இடந்தந்தான்.

விசைகளைக் கற்கவே அரை மணி நேரம் ஆயிற்று. புல்வெளிக்கு வந்தோம். பழகாத குதிரைகள் மூன்று நின்றன. நமது பொம்மையின் கையில் வாள் ஒன்று இருந்தது. குதிரையை அணுகி ஏற முயன்றோம். அது முன்னங்கால்களைத் தூக்கிச் சினந்து கனைத்தது.

“சேர், வாளைக் கையிலையிருந்து எடுத்து வையுங்கோ. கையிலை ஏதும் இருந்தா அது கோவிக்கும். வெறுங்கையோடைதான் ஏறலாம்.”

வாளை எடுத்து வைத்தோம்; ஏறினோம். சில கணங்கள் எம்மைச் சுமந்து அங்குமிங்கும் திரிந்த குதிரை, பின்னர் எம்மை உதறித் தள்ளியது. கரும்புகை சிறிது எழுந்தது. சிறுவர் வாய்விட்டுச் சிரித்தனர். அவனும் சிரித்தான், உடனே அடக்கிக்கொண்டான்.

“இன்னொருக்கா ஏறுங்கோ சேர். முதல்தரம் அது ஒருத்தரையும் விடாது.”

மீண்டும் ஏறினோம், மீண்டும் வீழ்ந்தோம். ஐந்தாம் முறை வீழ்ந்தபோது எமக்கு உண்மையாகவே சினம் மூண்டது. “அடிச்சா என்ன?” என்று கேட்டுவிட்டோம். கேட்டபின் அல்லவா சொல்லின் பொருள் எமக்கே புரிந்தது! அவன் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“அடிச்சா ஓடும் சேர். கூட அடிச்சாச் செத்துப்போகும். அடிச்சுப் பழக்கேலாது.”

எட்டாம் முறை குதிரை எம்மை வீழ்த்தவில்லை. அதன் தலைமேற் சிவந்த இதயக் குறிகள் சில தோன்றி மறைந்தன. பழகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளமாம்.

அன்றிரவு இவ்விளையாட்டின் உள்விதிகளைத் தேடிப் படித்தோம். ஒவ்வொரு குதிரைக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. அதனை இணக்கம் எனத் தமிழிற் கூறலாம். தொடக்கத்தில் அது 0. அதன் உச்சம் 100. ஒருவன் ஏறியதும் கணினி தனக்குள்ளே ஒரு சீட்டு எடுக்கிறது. சீட்டில் வந்த எண் இணக்கத்திலுஞ் சிறியதாயிற் குதிரை பழகும்; அன்றேல் அவனை வீழ்த்தும். ஆனால் வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் இணக்கம் 5 கூடும். ஆகவே முதன்முறை ஏறுபவன் எத்துணை வல்லவனாயினும் வீழ்ந்தே தீருவான். 20 முறை வீழ்ந்தவன் 21ஆம் முறை வீழான். கோதுமை, சீனி, அப்பிள் ஆகியவற்றுள் ஒன்றை ஊட்டினால் 3 கூடும்; பொற்கரட் ஊட்டினால் 5, பொன் அப்பிள் ஊட்டினால் 10 கூடும். அடித்தலால் ஓர் எண்ணும் கூடுவதில்லை. அதற்கென்று கணக்கில் ஓர் இடமே ஒதுக்கப்படவில்லை.

ஆசிரிய நண்பர்கள் இவ்விடத்திற் சற்றுத் தரித்துச் சிந்திக்க வேண்டுகிறோம். நமது பரீட்சை முறையிலே ஒருமுறை வீழ்ந்தவனுக்கு அவ்வீழ்ச்சி கடனாக எழுதப்படுகிறது. அடுத்த முறையும் வீழ்வதற்கு அதுவே படியாகிறது. இக்கணினிக் கணக்கிலோ ஒவ்வொரு வீழ்ச்சியும் வரவாக எழுதப்படுகிறது. அதனினும் முக்கியம், வீழ்பவன் யார் என்பது. வீழ்பவன் பழக்க வந்தவனே, பழக்கப்படுவது அன்று. பழகு என்பது தன்வினை, பழக்கு என்பது பிறவினை என்று கரும்பலகையில் எழுதிய நாம், தான் பழகாதவன் பிறரைப் பழக்குதல் இயலாது என்பதை எழுதவில்லை. எழுதியிருப்பினும், கையிற் பிரம்போடு நின்ற எம்மிடம் அதனைக் கற்றிருப்போர் எவருமிலர்.

இந்த அளவில் இக்கட்டுரையை முடித்திருந்தால் அது நல்லுபதேசமாய் அமைந்திருக்கும். உண்மை அவ்வளவு எளிதாக முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் சென்றோம். பழகிய குதிரையின் மீது அமரலாமேயன்றிச் சேணம் பூட்டாமல் அதனை விரும்பிய திசையிற் செலுத்த இயலாது. சேணத்தை விளையாடுவோன் தானே செய்ய அந்நாளில் வழியில்லை. 2025 ஜூனில் வந்த திருத்தத்தின் பின்னரே மூன்று தோலும் ஓர் இரும்புக்கட்டியும் கொண்டு அதனைச் செய்யக்கூடியதாயிற்று. அக்காலத்தில் நிலவறைப் பெட்டகங்களிற் கண்டெடுக்கலாம். அன்றேல், கிராமங்களில் வாழும் தோற்றொழிலாளி தன் தொழிலில் முழுத்தேர்ச்சி பெறும்வரை அவனோடு வாணிகஞ் செய்து, ஆறு மரகதக் கல் கொடுத்து வாங்கலாம். தோல் பதனிடுவோனையும் சேணம் தைப்போனையும் தீண்டத்தகாதவரென்று ஒதுக்கிய சமுதாயத்திற் பிறந்த எமக்கு, அவன் கைவினைஞனாக நிமிர்ந்து நின்று விலை கூறும் காட்சி உவப்பாகவே இருந்தது. நம் மாணவன் நிலவறையொன்றிற் கண்டெடுத்து வைத்திருந்த சேணத்தை எமக்குத் தந்தான். குதிரை எம் சொற்படி நடக்கலாயிற்று. குன்றேறி இறங்கி, ஆற்றங்கரை வரை சென்றோம். இது விளையாட்டுத்தானே என்ற நினைவு எமக்கு அப்போது இருக்கவில்லை.

திடீரென்று திரை இருண்டது. மின்வெட்டு. ஆண்டிறுதியில் நேரங் குறைந்திருந்ததேயன்றி அது முற்றாக நீங்கியிருக்கவில்லை. சிறுவர் ஒவ்வொருவராக வீடு சென்றனர். அவன் மட்டும் வாயிற்படியில் வந்து அமர்ந்தான். நாமும் அமர்ந்தோம். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவனே தொடங்கினான்.

“இந்தக் குதிரையிலை ஒரு நல்ல விஷயம் இருக்குச் சேர். பழகின பிறகு சாப்பாடு போடத் தேவையில்லை. அதுக்குப் பசிக்காது. எத்தினை நாளெண்டாலும் அப்பிடியே நிக்கும்.”

அவன் சொன்னது உண்மையே. காயம்பட்ட குதிரைக்கு உணவூட்டிக் குணப்படுத்தலாம். ஆனால் பசி என்பது அதற்கு இல்லை. அதன்மீது ஏறிச் செல்பவனுக்கு உண்டு. திரையின் அடியிலே இறைச்சித் துண்டுகளாக அது வரையப்பட்டிருக்கும். அவை குறையக் குறைய அவன் உண்ணவேண்டும். ஏறுபவனுக்குப் பசி, சுமப்பதற்குப் பசியில்லை.

“காலமை என்னடா சாப்பிட்டனி?” என்று கேட்டோம்.

“தேத்தண்ணி குடிச்சனான் சேர்.”

அதற்கு மேல் அவனிடமிருந்து மெல்ல மெல்லவே அறிந்தோம். தந்தை கடற்றொழிலாளி. மண்ணெண்ணெய் வாங்க இயலாமையால் எஞ்சின் கரையிற் கிடந்தது. “கம்பாலை ஊண்டித்தான் சேர் வள்ளம் போறது. அப்பாவுக்குத் தனியக் கஷ்டம். இரவிலை நானும் போறனான்.” கரை திரும்ப விடியும். கொண்டுவந்ததை விற்றுக் கடனுக்குக் கொடுத்தது போக எஞ்சியது மாலைச் சோற்றுக்கே போதாது. அந்தச் செப்ரெம்பர்க் காலையில் அவன் உறங்கியது ஏன் என்பதை நாம் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கம்பூன்றிக் காய்ந்த அவ்வுள்ளங்கைகளிலேதான் நாம் அடித்திருந்தோம்.

“உனக்கு அடிச்சது பிழையடா” என்றோம். அவன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். “பரவாயில்லைச் சேர்” என்றான். அது மன்னிப்பா, அன்றி ஆசிரியருக்கு விடை சொல்லும் பழக்கமா என்பது எமக்கு இன்றுவரை தெரியாது.

அவ்விருளில் அமர்ந்திருந்தபோதே இவ்விளையாட்டின் மறுபக்கம் எமக்குத் தெளிவாயிற்று. வீழ்வதன் அருமையைக் கற்பிக்கும் அதே விளையாட்டு, புல்லின் அருமையை மறைத்துவிடுகிறது. இம்மறைப்பு அதற்கு மட்டும் உரியதன்று. நமது பழைய நூல்களிலும் குதிரை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்திலே கடல்வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையை அறியாத தமிழ் மாணவர் இல்லை. வாங்குவித்த மன்னனும், வாங்கச் சென்ற அமைச்சரும், வணிகனாக ஓட்டிவந்த இறைவனும் அக்கதையிற் பெயரோடு நிற்கின்றனர். குதிரைக்குப் புல் அறுத்தவன் பெயர் யாது? 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அந்நாட்டரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து இறக்குமதி செய்தனர் என்றும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தோர் இன்மையாற் பெரும்பாலானவை மடிந்தன என்றும் எழுதிவைத்தார். பொன் இருந்தது, ஏறுவதற்கு வீரர் இருந்தனர். கொட்டிலிலே நின்று, இது என்ன உண்ணும், எப்போது நோகும் என்று அறிந்த ஒருவன் இருக்கவில்லை. ஓர் அரசின் செல்வம் குதிரைப் பிணங்களாய்க் கிடந்தது.

எமது வகுப்பறையும் அப்பாண்டியன் கொட்டிலைப் போன்றதே. பெயர் பதிந்தோம்; சீருடை அணிவித்தோம்; வரிசையில் நிறுத்தினோம்; அடங்கி இருக்கக் கண்டால் பழகிவிட்டான் என்றோம். பழகியவனுக்குப் பசியிராது என்று, ஒரு பொம்மைக் குதிரையின் விதியை உயிருள்ள பிள்ளைகள்மேல் ஏற்றிவைத்தோம்.

அடுத்த வாரம் ஆசிரியர் ஓய்வறையில் இவ்விடயத்தைப் பேசினோம். “அடியாத மாடு படியாது” என்றார் மூத்தவர் ஒருவர். அவர் கெட்டவரல்லர், தம் சொந்தப் பணத்தில் மாணவருக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பவர். மாடும் படிய வேண்டுமாயின் முதலில் அதற்கு வைக்கோல் போடவேண்டுமல்லவா என்று கேட்டோம். வாதம் நீண்டது. இறுதியிலே, ஆசிரியர் பதினொருவரும் பெற்றோர் சிலரும் சேர்ந்து, வாரத்தில் மூன்று நாள் காலையில் இலைக்கஞ்சி கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. அரிசிக்கும் தேங்காய்க்கும் நாம் பணம் சேர்த்தோம். முருங்கையிலை அயல் வேலிகளிலிருந்து வந்தது. தாய்மார் முறைவைத்துக் காய்ச்சினர். “அடியாத மாடு” என்று சொன்ன மூத்தவரே முதற் பணத்தை வைத்தார். ஏழு மாதம் நடந்தது. பின்னர் பணமும் கைகளும் குறையவே நின்றுபோயிற்று.

கஞ்சி வார்ப்பதால் உலகம் திருந்திவிடும் என்று கருதும் பேதைமை எமக்கில்லை. ஊருக்கு மீன் கொண்டுவருவோன் வீட்டில் உலை ஏறாதிருப்பதற்குக் காரணம் கருணைக் குறைவு மட்டுமன்று. ஏறுபவனின் பசி திரையில் வரையப்படுகிறது. சுமப்பவனின் பசி கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை. எரிபொருளின் விலையை ஓர் இரவில் நான்கு மடங்காக்க ஒப்பமிட்ட கைகளுக்கு, வள்ளத்தில் இரவெல்லாம் கம்பூன்றும் பதினான்கு வயதுக் கை தெரிவதில்லை. அதனைத் தெரியச் செய்வது கஞ்சிப் பானையால் ஆகிற காரியமன்று. அமைப்பாகத் திரண்ட மக்களால் ஆகவேண்டியது. ஆனால் அது ஆகும்வரை, முதலாம் பாடவேளையிற் பசியோடு இருக்கும் பிள்ளைக்குத் தத்துவம் கூறிக்கொண்டிருக்கவும் இயலாது.

2023இல் அவ்வகுப்பு மாணவரை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றோம். குறிகட்டுவானிற் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கே மனிதருக்கு உரிமைப்படாத குதிரைகள் உலவுகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் அத்தீவில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை என்று அவற்றைக் கருதுவர். ஏறுவோர் போயினர், குதிரைகள் எஞ்சின. 2015இல் அவை உலவும் பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும் வரட்சி மிகுந்த காலங்களிற் குட்டைகள் வற்ற, குதிரைகள் நீரின்றி மடிந்த செய்தியைப் பத்திரிகைகளிற் பலமுறை படித்திருக்கிறோம்.

பவளக்கல் வேலிகளைக் கடந்து வெளிக்கு வந்தபோது, குதிரைகள் சில நின்றன. பிள்ளைகள் ஆரவாரித்தனர். நம் மாணவன் கைகளை விரித்துக் காட்டியபடி, தனியே மெல்ல மெல்ல ஒரு குதிரையை நோக்கி நடந்தான். விலா எலும்பு தெரியும் பெண்குதிரை. அது அவனை நோக்கித் தலை நிமிர்த்தியது. அவன் இன்னும் இரண்டடி வைத்தபோது விலகி நடந்தது. அவன் பின்தொடரவில்லை. திரும்பி வந்து எம்மருகில் நின்றான்.

“இது வேறை, சேர்” என்றான். சற்று நேரத்தின் பின், “இதுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?” என்று கேட்டான்.

எம்மிடம் தக்க விடை இருக்கவில்லை. அவன் எம்மை நேராகப் பார்த்து வினாவொன்று கேட்டது, ஓராண்டுக்குப் பின் அதுவே முதற்றடவை.

சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் தோற்றினான். தமிழிற் சித்தியடைந்தான், கணிதத்திற் சித்தியடையவில்லை. மீண்டும் எழுதுமாறு பலமுறை சொன்னோம். இப்போது தந்தையோடு தொழிலுக்குப் போகிறான். வழியிற் கண்டால் நின்று பேசுகிறான். இதனை எமது வெற்றியென்று நாம் எழுதமாட்டோம். அடியை நிறுத்தினோம், கஞ்சியை நிறுத்தாதிருக்க எம்மால் இயலவில்லை, கடலிலிருந்து அவனை மீட்கவும் இயலவில்லை.

சென்ற மாதம் சனசமூக நிலையத்துக்குச் சென்றிருந்தோம். அக்கணினிகளுள் ஒன்று பழுதாகிவிட்டது. மற்றையதிற் புதிய சிறுவர் விளையாடுகின்றனர். அவன் கட்டிய கொட்டில் அவ்வுலகிலே இன்னும் அப்படியே இருக்கிறது. எட்டு முறை எம்மை வீழ்த்தி, இல்லை, ஏழு முறை வீழ்த்தி எட்டாம் முறை ஏற்றுக்கொண்ட குதிரையும் அங்கே நிற்கிறது. எவரும் அதற்குப் புல்லிடவில்லை, நீர் வைக்கவில்லை, அது மெலியவுமில்லை. அத்தகைய குதிரை அங்கே மட்டுமே உண்டு. திங்கட்கிழமை காலை வகுப்பறைக்குள் நுழையும்போது எம்முன் இருப்போர் அவ்வாறானவரல்லர் என்பதை, கையிலிருப்பதை வெளியே வைத்துவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் எமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.